ஆடுதின்னாப்பாளை: ளகரமே சரி

மூலிகை நூல்கள் சிலவற்றில் 'ஆடுதின்னாப்பாலை' என்று லகரம் போட்டு அச்சிடுகிறார்கள். பாலை நிலத்தில் முளைப்பதால் வந்த பெயர் என்று விளக்கம் வேறு. சிவகாசி, விஸ்வநத்தம் பக்கத்துக் கரிசல்காரர் எவரும் இதை ஒப்பமாட்டார். பருத்தியும் சோளமும் விளைகிற, ஈரம் பிடித்து வைக்கிற மண்ணின் செடி இது.

பாலை என்று முடியும் மரங்களைப் பாருங்கள்: வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை. எல்லாமே ஒடித்தால் பால் வடிபவை. குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் வரும் பாலையும் இவ்வினமே என்பேன். நம் செடியை ஒடித்தால் பால் வராது. குமட்டும் நாற்றம்தான் வரும்.

பாளை, பூவைப் பார்த்து வைத்த பெயர். அடியில் சிறு குமிழ், அதன்மேல் குழல், குழலின் வாயில் ஒரு பக்கம் மட்டும் நீண்டு நிற்கும் கருஞ்சிவப்பு நாக்கு. தென்னம்பாளை ஒரு பக்கம் வெடித்து நிற்கும் தோற்றம் அப்படியே இருக்கிறது. பனையும் கமுகும் அறிந்தவனுக்கு வேறு சொல் தோன்றியிராது.

இந்தியில் இதைக் கீடாமாரி என்கிறார்கள், புழுவைக் கொல்வது என்ற பொருளில். நம்மவர் வேலையை விட்டு ஆட்டைப் பெயரில் வைத்தார்கள். குடற்புழுவுக்குக் கரிசல் வழக்கு 'பூச்சி'. பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி, கிடாய்க்கும் பூச்சி. இன்றோ 'பூச்சிமருந்து' என்றால் உரக்கடையில் ஒன்றும் கால்நடை மருந்தகத்தில் இன்னொன்றும் தருவார்கள். வாய்விடங்கம் வாய்விளங்கமாகி, வாயை விளக்குவது என்று பொருள் சொல்லப்பட்டதும் இத்தகைய குழப்பமே. வடமொழி விடங்கம் அது. அதுவும் பூச்சிக்கான மருந்துதான்.

'ஆடுதீண்டாப்பாளை' என்ற வடிவமும் உண்டு. தின்னா, தீண்டா இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமே. இலக்கணம் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் ஆடு இதை மிதிக்கும், மோந்து பார்க்கும், பிறகு விலகும். தீண்டுகிறது, தின்பதில்லை. தின்னாததற்குக் காரணமும் உண்டு. இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை அதைச் சேர்த்திருக்கிறது. இலைச்சாற்றைப் பூச்சிக்கென்று இன்றும் உள்ளுக்குப் பரிந்துரைப்போர் அதை உடனே நிறுத்த வேண்டும்.

தீண்டா என்பது ஏட்டில் திருத்தியவர் கை. தின்னா என்பது மேய்த்தவன் சொல். மேய்த்தவன் பக்கமே நான் நிற்கிறேன்.