மூன்றாம் பிரிவும் ஐந்தாம் பிரிவும்

2018 மார்ச்சில் திகன எரிந்தபோது எங்களில் பாதிப்பேர் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம். ஊரடங்கு, பேஸ்புக் முடக்கம், வகுப்பு இல்லை. வீட்டில் பெரியவங்க சொன்ன விளக்கம் ஒன்றுதான்: "தெல்தெனியவில ஒரு லொறி டிரைவரை அடிச்சு அவர் செத்துட்டாராம், அதுல வந்த பிரச்சினை." அவர் அடிபட்டு இறந்தது உண்மை. ஆனால் நாலு பேர் செய்ததற்கு, சம்பந்தமே இல்லாத ஒரு முஸ்லிம் இளைஞர் திகனவில் எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டுச் சாகவேண்டும் என்ற கணக்கு அந்த லொறியில் வந்ததல்ல.

அது எங்கே எழுதப்பட்டது என்று தேடினால், தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறோம். 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவையில் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தம். அதன் ஐந்தாம் பிரிவு எல்லோருக்கும் தெரியும்: பௌத்தம் மீறப்படக்கூடாதது. மூன்றாம் பிரிவை எங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. பதவி இழந்த அரசனின் ஆண் உறவினர்கள் எல்லோரும் எதிரிகள்; வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதி இல்லாமல் திரும்பி வரக்கூடாது என்கிறது அது. தமிழருக்கு அன்று பிரித்தானியர் வைத்திருந்த பெயர்தான் மலபார்.

1739 முதல் கண்டியை ஆண்டது மதுரைப் பக்கமிருந்து வந்த நாயக்கர் வம்சம். 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை அழைத்து உபசம்பதாவை மீட்டவர் அந்த வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். எசல பெரஹராவில் தந்த தாதுவைச் சேர்த்ததும் அவர் காலத்தில்தான். பழைய கண்டி சொர்க்கமாக இருந்தது என்று சொல்லவரவில்லை. அதே அரசனைக் கொல்ல 1760இல் சதி நடந்தது, அவர் அந்நியர் என்ற பேச்சும் இருந்தது. ஆனால் அரண்மனைச் சதி வேறு, ஒரு கூட்டத்தையே எதிரி என்று சட்டத்தில் எழுதிவைப்பது வேறு. கூத்து என்னவென்றால், பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அதே பிரித்தானியர் கம்பளைப் பக்கம் கோப்பி போட்டு, வேலைக்கு 'மலபார்' ஆட்களையே கூட்டிவந்தார்கள். அவர்களின் பிள்ளைகளை 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மறுபடி வெளியே தள்ளியது.

கம்பளை மறுபடியும் வருகிறது. வல்லஹாகொட தேவாலயப் பெரஹரா அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்று வழக்கு. தேவாலயத் தரப்பு பிடித்துக்கொண்டது அந்த ஐந்தாம் பிரிவை. 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. மே 28, வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் கல் பறந்தது. சில நாளில் கொழும்பு வரை பரவியது. அரசாங்கக் கணக்கிலேயே 25 முஸ்லிம்கள் கொலை, 4,000க்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறை.

கோபம் முதலில் கடனுக்குச் சாமான் விற்ற கரையோரச் சோனகர் மேல்தான். யுத்தகால விலையேற்றம் வேறு. ஆனால் கல்லெறிந்தவன் கரையோரச் சோனகனா, கண்டி அரசனுக்குத் தவள மாடு ஓட்டிய குடும்பமா என்று விசாரிக்கவில்லை. அநகாரிக தர்மபால சோனகரை ஐரோப்பாவின் யூதரோடு ஒப்பிட்டு எழுதினார். 'ஆரிய சிங்களவர்' என்ற பெருமையும் ஐரோப்பிய மொழியியலாளர்களிடம் இரவல் வாங்கியதே.

எங்கள் பக்கத்தையும் பார்க்கவேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். 1915இல் இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராகச் சட்டசபையில் முழங்கினார், அது நியாயமான முழக்கம். அதற்காகச் சிங்களத் தலைவர்கள் அவரை வண்டியில் வைத்துத் தாங்களே இழுத்துப் போனார்கள். கடை எரிந்த சோனகருக்காக அப்படி யாரும் முழங்கவில்லை. தமிழர் என்று சொந்தம் கொண்டாடியவரும் இல்லை.

திகன எரிந்த அந்த வாரம் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில், அது முடக்கப்படுவதற்கு முதல், ஒருவன் போட்டான்: "இது அவங்க ரெண்டு பேருக்கும் உள்ள பிரச்சினை மச்சான், நம்ம சும்மா இருப்போம்." நாங்கள் யாரும் மறுத்து எழுதவில்லை.