பாண்டிச்சேரி காரும் ராஜாஜி போட்ட வரியும்

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துவிட்டு நிதானமாக வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். நம்ம ஊரில் விசைத்தறி போட்டிருக்கிறான். முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறான். "மாமா, பாண்டிச்சேரில எடுத்தா வரி கம்மியாம்லா. ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம்னு புரோக்கர் சொல்லுதாரு. நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்" என்றான். எனக்கு உடனே எங்க அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவர் கதையைப் பிறகு சொல்கிறேன். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனிடம் வரி பற்றிக் கேட்டால் 1937-ல் இருந்துதான் ஆரம்பிப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். முதலமைச்சருக்கு அப்போது அதுதான் பெயர். நிதித் துறையும் அவரிடமே இருந்தது. அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளு, சாராய வருமானம் அன்று மாகாணக் கஜானாவின் பெரிய தூண். அதை எடுத்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கே? அதற்கு அவர் கண்ட வழிதான் 1939-ம் வருஷத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாப் பொருளுக்கும் பொதுவாக விற்பனை வரி போட்டது இந்தியாவிலேயே முதலில் நம்ம மாகாணம்தான். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் வரி நின்றுவிட்டது. மதுவிலக்கைத்தான் பிறகு வந்த ஆட்சி நிறுத்தி வைத்தது.

மாகாணம் இப்படி வரி போடலாமா என்ற கேள்வி ஏற்கெனவே டெல்லி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயிருந்தது. போன பொருள் என்ன தெரியுமா? பெட்ரோல். மத்திய மாகாணம் 1938-ல் பெட்ரோல் விற்பனைக்கு வரி போட்டது. பொருளை உற்பத்தி செய்யும்போது போடுவது மத்திய அரசின் கலால் வரி, கடையில் விற்கும்போது போடுவது மாகாணத்தின் உரிமை என்று கோர்ட் பிரித்துச் சொன்னது. அந்தக் கோடு 2017 வரை அழியவில்லை. ஒரே கார் ஊருக்கு ஊர் ஒரு விலை விற்றதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பாண்டிச்சேரி கதை வேறு. 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. சட்டப்படி முழுமையாக நம்மோடு சேர்ந்தது 1962-ல். விற்பனை வரிச் சட்டம் வேண்டுமென்று 1965-ல் அங்கே ஒரு வேலை செய்தார்கள். சென்னையின் 1959-ம் வருஷச் சட்டம், நாம் அமலுக்குக் கொண்டுவரும் நாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே நமக்கும் பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதுவதில் இது அடுத்த கட்டம், அவன் இன்னும் எழுதி முடிக்காத விடைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது! அமலுக்கு வருவதற்குள் சென்னைச் சட்டசபை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஷாமா ராவ் என்பவர் வழக்குப் போட்டார். சட்டம் இயற்றும் பொறுப்பையே அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகுதான் அவர்கள் சொந்தமாகச் சட்டம் எழுதினார்கள்.

சொந்தச் சட்டம் என்றால் சொந்த விகிதம். பாண்டியில் வரி குறைவு என்றதும் நம்ம ஆட்கள் அங்கே கார் வாங்கி ஓட்டிவர ஆரம்பித்தார்கள். தமிழ்நாடு அரசு சும்மா இருக்குமா? வெளி மாநிலத்திலிருந்து வரும் மோட்டார் வாகனங்களுக்கு 1990-ல் நுழைவு வரிச் சட்டம் போட்டது. அங்கே கட்டிய விற்பனை வரியைக் கழித்துக்கொண்டு மீதியை இங்கே கட்ட வேண்டும். இங்கிலாந்திலிருந்து கார் இறக்கிய ஒரு பெரிய நடிகர் 2021-ல் உயர் நீதிமன்றத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது இந்த நுழைவு வரி விவகாரத்தில்தான்.

எங்க அண்ணன் மாட்டியதும் இதில்தான். 1993-ல் ஒரு புரோக்கர் பேச்சைக் கேட்டுப் பாண்டிச்சேரியில் புதுக் கார் எடுத்தார். தெரியாத தெருவில் ஒரு முகவரி. அங்கே அவர் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கொஞ்ச மாதத்தில் பேரை இந்தப் பக்கம் மாற்றப் போனபோது நுழைவு வரி, அபராதம், சாலை வரி என்று ஒவ்வொன்றாக வந்தது. புரோக்கர் போனை எடுக்கவில்லை. மதினியின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. திரும்பி வரவே இல்லை. மதினி அந்தக் காரில் கடைசிவரை முன்சீட்டில் உட்காரவில்லை.

இப்போது நிலைமை என்ன? 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. நுழைவு வரி போயிற்று, புளியரை போன்ற எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போயின. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40, மின்சாரக் காருக்கு 5. சங்கரன்கோவில்காரன் நெல்லையில் வாங்கினாலும் பாண்டியில் வாங்கினாலும் இது ஒன்றுதான். பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கின்றன. மதுவை ஒழிக்கப் பிறந்த வரி, இன்றைக்கு மாநிலத்தின் கையில் மிஞ்சியிருப்பதே மதுவிலும் பெட்ரோலிலும்தான். ராஜாஜி இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அப்படியானால் புரோக்கர் சொன்ன அந்த ஒரு லட்சம் எது? அது சாலை வரி, மாநிலத்தின் சொந்த வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காரின் ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பாண்டியில் இதைவிட ரொம்பக் குறைவு, உண்மைதான். ஆனால் நீ எங்கே குடியிருக்கிறாயோ, எங்கே தொழில் செய்கிறாயோ, வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இந்த மாநில எண் வாங்கியாக வேண்டும். வாங்கப் போனால் இந்த ஊர் வரி. பொய் முகவரி கொடுத்திருந்தால் வரியோடு வழக்கும் வரும். 2017-ல் கேரளாவில் பாண்டிப் பதிவு சொகுசுக் கார்களைத் தேடிப் பிடித்தது பேப்பரில் படித்திருப்பீர்கள்.

மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லி, காகிதத்தில் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். 9,90,000 ரூபாய் வண்டிக்கு 13 சதவீதம், அதாவது 1,28,700. அவன் ஆசைப்பட்ட சன்ரூஃப் மாடல் 10,10,000. அதற்கு 18 சதவீதம், 1,81,800. விலை கூடுவது 20,000, வரி கூடுவது 53,100. "ஏ யப்பா" என்றான். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று ராத்திரி போன் பண்ணினான். புரோக்கருக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லையாம். டி.என். 79-லேயே எடுக்கிறானாம், சன்ரூஃப் இல்லாமல். அவன் பெண்டாட்டி மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.