இராணிக்கு ஒரு பாட்டு, ஒளிச்சு ஒரு பூசை

அங்கிலிக்கன் திருச்சபையின் பாடகர் குழு இசைக்கு அத்திவாரம் போட்டவை ஆர் எண்டு கேட்டால், இரண்டு பெயர்கள் கட்டாயம் வரும்: தோமஸ் டாலிஸ், வில்லியம் பேர்ட். இதில் பகிடி என்னெண்டால், பேர்ட் ஒரு கத்தோலிக்கர். கத்தோலிக்கராகவே செத்தவர்.

முதலில் டாலிஸைப் பாப்பம். அவர் வோல்தம் மடத்தில் வேலை பார்த்தவர். 1540இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் அந்த மடத்தை மூட, வேலை போச்சுது. பிறகு அரச தேவாலயத்தில் சேர்ந்து, ஹென்றியில் இருந்து எலிசபெத் வரை நாலு ஆட்சிக்கு இசை எழுதினார். 1549இல் வழிபாடு லத்தீனில் இருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. ஓர் அசைக்கு ஒரு சுரம், சொல் விளங்கவேணும் என்பது பேராயர் கிரான்மரின் விருப்பம். குரல்களைப் பின்னிப் பின்னி நீட்டிப் பழகின மனுசன் அதற்கும் எழுதினார். 1553இல் மேரி வந்தா, திரும்ப லத்தீன். 1558இல் எலிசபெத் வந்தா, திரும்ப ஆங்கிலம். எழுதின கை அதே கைதான்.

1575இல் இசைநூல் அச்சிடும் தனியுரிமையை டாலிஸுக்கும் பேர்ட்டுக்கும் 21 வருசத்துக்கு இராணி குடுத்தா. அவையின் முதல் தொகுப்பும் அவவுக்கே சமர்ப்பணம்: ஆளுக்கு 17, மொத்தம் 34 லத்தீன் பாடல்கள்.

ஆனால் வெளியில் நிலைமை வேறை. அரச திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு மாதம் 20 பவுண் தண்டம் எண்டு 1581இல் சட்டம் வந்தது. பேர்ட்டின் குடும்பமும் இந்த வழக்குகளில் மாட்டுப்பட்டது. இராணியின் தயவு இல்லாட்டி அவர் தப்பியிருப்பாரோ தெரியாது. 1590களில் எசெக்ஸில் ஸ்டொண்டன் மாசி எண்ட கிராமத்துக்குப் போனார். பக்கத்தில் பீட்டர் குடும்பத்தின் மாளிகையில் இரகசியமாகப் பூசை நடக்கும். அந்தக் காலத்தில்தான் மூன்று பூசை இசைகளை முகப்புப் பக்கமே இல்லாமல் அச்சடிப்பித்தார். அச்சகத்தின் பெயர் கிடையாது. ஆனால் தன்ர பெயரை மட்டும் பக்கங்களில் போட்டார்! அங்கிலிக்கன் வழிபாட்டுக்காக 'பெரிய ஆராதனை' என்ற இசையை எழுதினவரும் இதே ஆள்தான். 1605இல் பேர்ட்டின் லத்தீன் புத்தகத்தை வைத்திருந்ததற்காக லண்டனில் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பிடிச்சு மறியலில் போட்டாங்கள்.

நாலு குரல் பூசையின் கடைசிப் பகுதியைத் தேடிக் கேளுங்கோ, ஹெட்போனோடு எண்டால் நல்லது. சமாதானத்தைத் தா எண்டு கேட்கிற இடத்தில் குரல்கள் ஒண்டோடு ஒண்டு உரசி உரசித்தான் கீழே இறங்கும். ஒளிச்சுப் பாடவேண்டியிருந்த அந்தப் பூசையை இப்ப இங்கிலாந்தின் அங்கிலிக்கன் பேராலயங்களிலேயே பாடுகினம்.