ஆற்றங்கரை நகரின் மூன்று வாசல்கள்



நம் வீடுகள் பலவற்றில் இறை இரக்க ஆண்டவரின் படம் இருக்கிறது. வெண்ணிற ஆடை, ஆசி வழங்கும் வலக்கை, நெஞ்சிலிருந்து புறப்படும் இரு கதிர்கள். அதன் அடியில், 'உம்மை நம்புகிறேன்' என்று இயேசுவிடம் சொல்லும் ஒற்றை வரி. இப்படத்தை வரையும்படி ஆண்டவர் கேட்ட ஊர் எது? போலந்து நாட்டில், விஸ்துலா ஆற்றின் வலக்கரையில் உயர்ந்த மேட்டின்மேல் நிற்கும் புவோட்ஸ்க் நகரம். அந்நகரின் மூன்று வாசல்களில் இன்று சற்று நின்று பார்ப்போம்.

முதல் வாசல், பேராலயத்தினுடையது. புவோட்ஸ்க் மறைமாவட்டம் 1075-இல் உருவானது. கோமகன்கள் விளாடிஸ்லாவ் ஹெர்மன், அவர் மகன் மூன்றாம் போலெஸ்லாவ் ஆகியோரின் காலத்தில் இதுவே நாட்டின் தலைநகர். இருவரும் இப்பேராலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 12-ஆம் நூற்றாண்டில் ஆயர் அலெக்சாண்டர், ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இவ்வாலயத்துக்காக வெண்கலக் கதவுகளைச் செய்வித்தார். எழுத்தறியாத மக்களும் மீட்பின் வரலாற்றைக் கண்ணால் படிக்கும்படி, விவிலியக் காட்சிகள் அவற்றில் வார்க்கப்பட்டன. கதவைச் செய்த கைவினைஞர்களும் தங்கள் கருவிகளோடு ஓரத்தில் நிற்கிறார்கள். இன்று அக்கதவுகள் இருப்பது ரஷ்யாவின் நோவ்கொரோட் நகரில், புனித சோபியா பேராலயத்தில். புவோட்ஸ்கில் நாம் காண்பது 1980-களில் வைக்கப்பட்ட நகலே. விலையுயர்ந்த கதவும் ஊரைவிட்டுப் போய்விடும். ஆனால் அது இல்லாத நூற்றாண்டுகளிலும் மக்கள் அந்த வாசல் வழியே திருப்பலிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாம் வாசல், பழைய சந்தைத் திடலிலுள்ள கன்னியர் மடத்தினுடையது. 1930-இல் அங்கு வந்த அருட்சகோதரி பவுஸ்தினா, அப்பம் சுடும் இடத்திலும் அப்பம் விற்கும் கடையிலும் வேலை செய்தார். அதிகம் படிக்காதவர். 1931 பிப்ரவரி 22, ஞாயிறு மாலை, தம் அறையில் ஆண்டவரைக் கண்டார். கண்டதை வரையச் சொன்னார் ஆண்டவர். வரையத் தெரியாத அச்சகோதரி அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1934-இல்தான் வில்னியூஸ் நகரில் ஓர் ஓவியரின் கையால் முதல் படம் உருவானது. 2000-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

மூன்றாம் வாசல், அதே பழைய நகரில் இருக்கும் யூதத் தொழுகைக்கூடத்தினுடையது. இன்று அது ஓர் அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போருக்கு முன், நகர மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் யூதர். இடைக்காலம் முதலே அங்கு வாழ்ந்தவர்கள். 1941 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாத்சிப் படையினர் அவர்களை வீடுகளிலிருந்து துரத்தி, ஜியால்டோவோ முகாம் வழியாக வேற்றூர்களுக்கு அனுப்பினர். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் கொல்லப்பட்டனர்.

அன்பானவர்களே, ஆண்டுகளைக் கவனியுங்கள். 1931 பிப்ரவரி, 1941 பிப்ரவரி. ஆண்டவர் தம் இரக்கத்தைக் காட்டிய ஊரில், சரியாகப் பத்தே ஆண்டுகளில் இரக்கம் என்ற சொல்லே செத்துப்போனது. அப்படியானால் அந்தக் காட்சியால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

அதே மார்ச் மாதத்தில், அதே ஜியால்டோவோ முகாமுக்கு இன்னொருவரும் கொண்டுபோகப்பட்டார். அவர் அந்நகரின் ஆயர் அந்தோனி யூலியன் நோவோவியேஸ்கி. மறைமாவட்ட அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர், புவோட்ஸ்கின் வரலாற்றை நூலாக எழுதியவர். போர் வந்தபோது தப்பிப்போக வழியிருந்தும் தம் மந்தையை விட்டு அவர் போகவில்லை. 83 வயதில் முகாமில் உயிர்விட்டார். அவருடைய துணை ஆயர் லியோன் வெத்மான்ஸ்கியும் அங்கேயே இறந்தார். கோமகன்களுக்குப் பேராலயத்தில் கல்லறை உண்டு. இந்த ஆயர்களின் உடல்களோ திரும்பி வரவேயில்லை. 1999-இல் இருவரும் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டனர்.

நம் பதில் அந்த ஆயர்களின் வாழ்வில் இருக்கிறது. இரக்கத்தின் ஆண்டவர் பவுஸ்தினாவிடம் படத்தை மட்டும் கேட்கவில்லை. செயலாலும் சொல்லாலும் செபத்தாலும் அயலாருக்கு இரக்கம் காட்டுமாறும் கேட்டார். படத்தைச் சுவரில் மாட்ட ஓர் ஆணி போதும். ஆனால் ஆபத்து வேளையில் மக்களோடு நிற்க வாழ்வையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்று மாலை வீட்டில் அப்படத்தின் முன் விளக்கேற்றும்போது, நம் வாசலுக்கு வெளியேயும் ஒரு முறை பார்ப்போம். நாம் பேசாமல் விட்ட உறவினர், வேற்றுச் சாதிக்காரர் என்றோ வேற்று மதத்தவர் என்றோ நாம் தள்ளிவைத்த அடுத்த வீட்டார் யார்? அவர்கள் நம் வாசலைத் தாண்டி உள்ளே வரும் நாளில்தான் அந்தப் படம் நம் வீட்டுக்கு உண்மையாகவே வந்திருக்கும். அதற்கான அருளை இரக்கத்தின் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.