கழுதைப்பாலில் இருந்து ஊறின பஞ்சு வரைக்கும்

போன மாசம் அக்கா பொண்ணு வீட்டுக்கு வந்தா. ரெண்டு கன்னமும் செவசெவன்னு இருக்கு. "என்னம்மா, வெயில்ல அலைஞ்சியா?"ன்னு கேட்டா, பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினா. உள்ளே ஏதோ தண்ணியில ஊறின வட்டவட்டப் பஞ்சு. ஒண்ணை எடுத்து மூஞ்சியைத் துடைச்சா செத்த தோல் போயிடுமாம். வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு டப்பாவுல போட்டிருக்கு. இவ தினமும் ரெண்டு தடவை! "சீக்கிரம் பளிச்சுன்னு ஆகட்டுமேன்னுதான் மாமா..."

அந்தத் தண்ணியில என்னதான் இருக்குன்னு தேடப் போனா, பெரிய சரித்திரமே கிடக்குதுங்க.

ரோம் பேரரசன் நீரோவோட மனைவி பொப்பையா, எங்கே போனாலும் 500 கழுதைகளைக் கூட்டிட்டுப் போவாளாம், பால்ல குளிக்க. இதை எழுதி வச்சது முதல் நூற்றாண்டுல வாழ்ந்த பிளினி. பால் புளிச்சா அதுல லாக்டிக் அமிலம் உண்டாகும். ஆனா அதைத் தனியாப் பிரிச்சு எடுத்தது ரொம்ப நாள் கழிச்சு, 1780-ல. எடுத்தவர் ஸ்வீடன்ல மருந்துக்கடை வச்சிருந்த ஷீலே.

அடுத்தது சாலிசிலிக் அமிலம். வில்லோ மரப்பட்டையில இருக்கற பொருள்ல இருந்து வந்தது. ஜெர்மனியில ஹாம்பர்க் தோல் டாக்டர் உன்னா, 1882-ல இதையும் இன்னும் சில மருந்துகளையும் வச்சு தோல் உரிக்கறதைப் பத்தி எழுதினார். இன்னைக்கு பரு வர்றவங்களுக்கான பேட்ல பெரும்பாலும் இருக்கறது இதுதான்.

மூணாவது கிளைகாலிக் அமிலம். கரும்புலயும் இது உண்டு. 1974-ல அமெரிக்காவுல வான் ஸ்காட்ங்கற தோல் டாக்டரும் யூங்கற வேதியியல் நிபுணரும் இந்த வகை அமிலங்களைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அவங்க தேடினது அழகு இல்லீங்க. மீன் செதில் மாதிரி தோல் தடிச்சு உரியற இக்தியோசிஸ் நோய்க்கு மருந்து! மேல்தோல்ல செத்த செல்களை ஒட்ட வச்சிருக்கற பிடிப்பை இந்த அமிலம் தளர்த்துது. நோயாளிக்கு நிவாரணமா வந்தது, அப்புறம் அழகு சாதனமாவும் ஆச்சு.

இங்கேதான் விஷயமே. டாக்டர் கிட்ட போனா, அமிலத்தைத் தடவிட்டு கடிகாரத்தைப் பார்த்துட்டே நிப்பார். நேரம் முடிஞ்சதும் கழுவி விட்டுடுவார். வீட்டுல நிறைய பேட்டுக்குக் கழுவற வேலையே கிடையாது. துடைச்சா அப்படியே தோல்லயே நிக்கும். அதனாலதான் 1998-ல அமெரிக்க நிபுணர் குழு ஒண்ணு, வீட்டுல பயன்படுத்தற பொருள்ல கிளைகாலிக், லாக்டிக் அமிலம் 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம், பிஹெச் 3.5-க்குக் கீழே போகக்கூடாதுன்னு சொல்லிச்சு. பிஹெச் குறையக் குறைய வீரியம் கூடும். சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்கினா ஏமாந்துடுவோம்.

2005-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னொண்ணும் சொல்லிச்சு: இதைப் பயன்படுத்தற நாள்லயும், நிறுத்தின பிறகு ஒரு வாரமும் வெயில்ல ஜாக்கிரதை, சன்ஸ்க்ரீன் போடுங்கன்னு லேபிள்ல எழுதணும். நம்ம ஊர் வெயிலுக்கு இதைத் தனியா விளக்கணுமா என்ன?

பேட் கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. கடிகாரம் பார்த்த டாக்டரோட வேலை இப்போ நம்ம தலையில விழுந்திருக்கு. டப்பாவுல இருக்கற பொடி எழுத்துதான் டாக்டர். அதைப் படிக்காம விட்டா, அக்கா பொண்ணு கன்னம்தான்.

அவ டப்பாவை மூடி வச்சுட்டா. செவப்பும் இறங்கிடுச்சு. இப்போ வாரம் ஒரு தடவைதானாம், அதுவும் ராத்திரியில. நம்பறேன் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. எரிச்சல் விடாம இருந்தா என்னைக் கேக்காதீங்க, தோல் டாக்டரைப் பாருங்க.