செய்தி சுமந்த கால்கள்

தபாலும் தந்தியும் சிற்றூர்களை எட்டாத நாளில், ஓர் ஊரின் செய்தி மற்றோர் ஊரை அடைந்தது மனிதனின் காலாலும் நாவாலுமே ஆகும். பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்த நம் இண்டூர்ப் பகுதியும் இதற்கு விலக்கன்று. அந்தக் காலும் நாவும் பெரும்பாலும் நம் முன்னோருடையவை என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஊரில் ஒருவர் இறந்தால், உறவினர் வாழும் ஊர்களுக்கெல்லாம் சாவுச் செய்தி கொண்டு செல்வது வெட்டியானின் கடமை. இரவாயினும் மழையாயினும் நடந்தே சென்றாக வேண்டும். இறந்தவர் யார், எவ்வழி உறவு, பிணம் எடுக்கும் வேளை எது என்பனவற்றை எழுத்தின் துணையின்றி நினைவில் நிறுத்திப் பிழையறச் சொல்ல வேண்டும். வேளையை மாற்றிச் சொல்லிவிட்டால், மகளுக்குத் தந்தையின் முகம் காணும் பேறு வாய்க்காது. இத்துணைப் பொறுப்பை ஏற்றவனைத் திண்ணையில் அமரவும் விட்டார்களில்லை. தெருவில் நின்று சொன்னான். தெருவில் நின்றே படி அரிசி பெற்றுத் திரும்பினான். ஆண்டுக் கூலியோ, களத்து மேட்டில் கடைசியாக அளக்கப்பட்ட கேழ்வரகும் சாமையும்.

வரி கட்டும் நாள், ஏரி வேலை, திருவிழாக் காப்பு ஆகியவற்றைப் பறையறைந்து சாற்றியவர்களும் நம்மவரே. அடியின் வேறுபாட்டைக் கொண்டே சாவா, விழாவா என ஊரார் உணர்ந்துகொள்வர். சொல் பிறகுதான் வரும்.

அறிவிக்கும் தொழில் என்றும் இழிவாகக் கருதப்பட்டதன்று. மணிமேகலையின் முதற் காதையே ‘விழாவறை காதை’ ஆகும். புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திர விழாவை, தொன்மையான குடியிற் பிறந்த ஒருவன் யானையின் பிடரியில் முரசேற்றி அறிவிக்கிறான். அரசனையும் நகரையும் வாழ்த்தும் உரிமை அவனுக்கு உண்டு. யானை மேலிருந்த முரசுக்குக் கிட்டிய மதிப்பு, தெருவில் ஒலித்த பறைக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பது வரலாறு படிப்போர் ஆராய வேண்டிய வினா.

இக்கட்டாயத்தை நம்மவர் வாய்மூடிச் சுமந்தாரல்லர். தென்னார்க்காடு மாவட்டத்தில் எல். இளையபெருமாள் அவர்கள், இழவுக்குப் பறையடிக்க மறுக்குமாறு மக்களைத் திரட்டினார். இன்று பறையைக் கலையெனப் போற்றுவோர் இதனோடு முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஏவலுக்கு அடிப்பது வேறு, விரும்பி அடிப்பது வேறு. அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடுவதைக் கைவிட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கி அமைத்து அறிவிக்குமாறு 2022-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆணையிட்டார். விடுதலைக்குப் பின் 75 ஆண்டுகள் கழித்து!

ஊரார் செய்தியையெல்லாம் சுமந்தவர்க்குத் தம் செய்தியைச் சொல்வார் யார்? பொதுச்சாலை, பொதுக்கிணறு ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை, இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். தாளில் ஏறிய உரிமை சேரிக்குத் தெரிந்தாலன்றோ பயன் தரும்! இவ்வுண்மையை அவர் முன்னரே உணர்ந்திருந்தமையாற்றான் 1893-இலேயே ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை நிறுவினார். அடுத்த ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிய அவ்விதழ், 1914-இல் அவர் மறைந்த பின் தளர்ந்தது. 1926-இல் ஜி. அப்பாதுரையார் அதனைக் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார்.

தங்கவயல் நமக்கு அயலூர் அன்று. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற நம் மக்கள் அச்சுரங்கங்களில் உழைத்தனர். எழுத்தறிந்த ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. கேட்டவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, செய்தி மறுபடியும் கால்நடையாகவே வந்தது. ஆனால் இம்முறை அவர் கொணர்ந்தது அடுத்த வீட்டாரின் இழவுச் செய்தி அன்று; தம் வீட்டாருக்கென்றே கொணர்ந்த செய்தி.