திடலில் பிறந்த திறனாய்வு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பள்ளி, கோயில், தொழிற்சங்கம், செய்தித்தாள் ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல் வகுப்பர். படம் பார்த்து மீண்ட மக்கள் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. வெறும் பொழுதுபோக்கு என்று அது தள்ளப்படுகிறது. ஆனால், ஏட்டுக் கல்வி எட்டாத தோட்டத் தமிழர் கதையையும் நடிப்பையும் நகைச்சுவையையும் தாமே எடைபோடப் பழகிய களம் அப்பேச்சே ஆகும்.

சுங்கை பூலோவைச் சான்றாகக் கொள்ளலாம். 1920களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை அமைத்த ஊர் அது. கோலாலம்பூரின் திரையரங்குகள் நெடுந்தொலைவில் இல்லை. ஆயினும், விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய தொழிலாளிக்கு நகரத்து இரவுக் காட்சி எளிதன்று. எனவே, இத்தகைய தோட்டங்களுக்குப் படம் தேடி வந்தது. 1946ஆம் ஆண்டில் மலாயாத் திரைப்படப் பிரிவு தோன்றியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசின் தகவல் வண்டிகள் தோட்டங்களுக்குச் சென்று திடலில் திரை கட்டின. அரசு தன் கருத்தைப் பரப்ப விரும்பியது. மக்களோ படம் பார்க்கக் கூடினர். பல தோட்டங்களில் நிருவாகத்தின் ஏற்பாட்டில் தமிழ்ப்படங்களும் காட்டப்பட்டன.

மறுநாள் மரத்தடியிலும் பால் நிறுக்கும் இடத்திலும் தீர்ப்பு வழங்கப்பட்டது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவை அத்தீர்ப்பில் தனியிடம் பெற்றது வியப்பன்று. அவர் நடித்த ‘நல்லதம்பி’ (1949) மதுவிலக்கை வலியுறுத்திய படம். கூலியின் ஒரு பகுதியைக் கள்ளுக்கடை விழுங்கிய தோட்டங்களில் அந்தச் சிரிப்பு உள்ளத்தைத் தைத்தது.

இரசனைக்கு மொழி வேலியும் இல்லை. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950ஆம் ஆண்டில் இயக்கிய ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்திலேதான் பி. ரம்லி முதன்முதலாகக் கதைத்தலைவரானார். ரம்லியின் ‘பூஜாங் லாப்போக்’ (1957) காட்டிய வறுமைக்கும் வாடகை அறைக்கும் விளக்கவுரை எந்த இனத்தாருக்கும் தேவைப்படவில்லை.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1978இல் அது வண்ணம் பெற்றது. 1980களில் ஒளிநாடா வீடுகளுக்குள் நுழைந்தது. திடல் சுருங்கிக் கூடமாயிற்று. நூற்றுவர் கூடிப் பேசியதை நால்வர் பேசலாயினர். ஆயினும் பேச்சு நிற்கவில்லை.

அப்பேச்சின் விளைவு பின்னரே புலனாயிற்று. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேசு ஏற்ற செல்லப்பா, முதலும் கருவியுமின்றிப் படமெடுக்கப் புறப்பட்டவன். அவனைக் கண்டு நாடே சிரித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, மலேசியத் தமிழ் இளைஞர் உண்மையிலேயே எளிய கருவிகளோடு புறப்பட்டனர். தீபக் குமரனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960களின் தோட்டத்தில் கல்விக்கு ஏங்கிய ஒரு பெண்ணின் கதையைச் சொன்னது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டம் இழந்தோரின் பிள்ளைகளைப் பற்றியது. 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவில் பிறமொழிப் படங்களைத் தனியே பிரித்த ஏற்பாடு கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் எல்லா மொழிக்கும் பொதுவான பிரிவு வகுக்கப்பட்டது. அதில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது ‘ஜகாட்’. பார்வையாளராகவே இருந்த சமுதாயம் தன் கதையைத் தானே காட்டத் துணிந்தது. ‘இது நம் வாழ்க்கை இல்லையே’ என்று பார்த்துப் பார்த்து உணர்ந்தவருக்கே அத்துணிவு வரும்.

இன்று சுங்கை பூலோவின் அச்சோதனைத் தோட்டம் குவாசா டாமன்சாரா என்னும் புதுநகராக மாறிவருகிறது. மரங்கள் போயின, திடல்கள் போயின, அங்கே தீர்ப்புச் சொன்னவர்களும் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். படங்கள் பெட்டகங்களில் நிலைத்திருக்கும். அவற்றைப் பற்றி மக்கள் சொன்ன சொல் எவ்வேட்டிலும் இல்லை.

பாட்டி முதன்முதல் பார்த்த படம் எது, எங்கே அமர்ந்து பார்த்தார், எதற்குச் சிரித்தார், எதை வெறுத்தார் என்று ஒவ்வொரு மாணவரும் கேட்டு எழுதிவரட்டும். தமிழாசிரியர் ஒரு கட்டுரைப் பாடவேளையை அதற்கு ஒதுக்கினால் போதும். விடுபட்டுப்போன அந்த இயலின் முதற்பக்கம் எழுதப்பட்டுவிடும்.